எட்டாம் நாள் வெள்ளை

என் வாய் என் பேச்சைக் கேட்காது. இதை நான் சொல்லவில்லை, என் வீட்டுக்காரர் கோபாலசாமி பதினெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எதைப் பார்த்தாலும் ஒரு யோசனை சொல்லியாக வேண்டும் எனக்கு. அடுத்த வீட்டுக் குழம்பில் உப்பு போதாது என்று வாசனையிலேயே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட வாய் போன மாதம் ஒரு பச்சை உடம்புக்காரியின் உடுப்பில் விளையாடிவிட்டது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் சேதுபதி மாஸ்டரைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

துபாய் அல் குசைஸில் எங்கள் பில்டிங்குக்குப் பின் தெருவில், கஃபிட்டேரியாவுக்கும் சலூனுக்கும் நடுவில் இருக்கிறது அவர் தையல் கடை. இரண்டு மெஷின், ஒரு வெட்டுமேஜை, ஒரு ஸ்டீம் அயர்ன். மூன்று பேர் சேர்ந்து நின்றால் நாலாவது ஆள் வெளியே நிற்க வேண்டியதுதான். மாஸ்டருக்கு ஊர் பரமக்குடிப் பக்கம், வயது ஐம்பத்திரண்டு. முதலில் சவூதியில் தம்மாமில் பதினோரு வருஷம் இருந்தாராம். அங்கே அரபிகள் போடும் நீள வெள்ளை அங்கி மட்டும்தான் தையல்.

"பதினோரு வருஷம் வெள்ளையத் தவிர வேற கலர் துணியக் கையில தொடல மேடம். கனாக்கூட வெள்ளையாத்தான் வரும்," என்பார்.

அந்த மனிதர் கைக்கு துபாயில் வந்து சேர்ந்ததோ ஆப்பிரிக்கத் துணிகள். கானா, நைஜீரியாப் பெண்கள் இந்தப் பக்கம் நிறையக் குடியிருக்கிறார்கள். மஞ்சளும் பச்சையும் நீலமும் கண்ணைப் பறிக்கிற துணிகளை ஆறு கஜம் ஆறு கஜமாகக் கொண்டு வருவார்கள். மாஸ்டர் சின்னப் பிள்ளை மாதிரி குதூகலமாகிவிட்டார். வந்த புதிதில் ஒரு கானாக்காரப் பெண் சிவப்பும் கறுப்பும் கலந்த துணி கொண்டுவந்திருக்கிறாள். சிவப்பைப் பார்த்ததும் இவருக்கு முகூர்த்தப் புடவை ஞாபகம். கல்யாணம்தான் என்று தானே முடிவு கட்டி, "கங்கிராஜுலேஷன்" என்று கைகுலுக்கி, காசு வாங்காமல் கழுத்தைச் சுற்றித் தங்க ஜரிகை வேறு வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டார்.

அவள் உடுப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறாள். கூடப்பிறந்த அண்ணன் செத்துப்போன துக்கத்துக்குப் போடும் உடுப்பு அது. அவர்கள் ஊரில் நெருங்கிய சொந்தம் போனால் சிவப்பும் கறுப்பும்தான்.

"எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு மேடம். அன்னைக்குப் போட்டேன் ஒரு சட்டம். என்ன விசேஷம்னு கேக்காம கத்திரிக்கோல எடுக்க மாட்டேன்."

எடுக்கவும் இல்லை. யார் வந்தாலும், எவ்வளவு அவசரம் என்றாலும், அளவு எடுக்கும் முன் இந்தக் கேள்விதான். பதிலைக் கேட்டு, வெட்டின துணியில் ஒரு துண்டைச் சுவரில் மாட்டியிருக்கும் அட்டையில் குத்தி, பக்கத்தில் மார்க்கரால் தமிழில் எழுதி வைப்பார். தங்க மஞ்சளுக்குப் பக்கத்தில் "ராஜ களை, செல்வம்". பச்சைக்கு "விளைச்சல், வளர்ச்சி". நீலத்துக்கு "சமாதானம்". கறுப்பும் வெள்ளையும் சேர்ந்த ஒரு துண்டைக் காட்டி என்னிடம் ஒருநாள் துள்ளினார்.

"இது என்னா தெரியுமா? எண்பது தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்து போனவங்களுக்கு மேடம். அழுகையும் உண்டு, ஆட்டமும் உண்டு. அப்படியே நம்ம ஊருக் கல்யாணச் சாவு! எங்க இருக்கு கானா, எங்க இருக்கு பரமக்குடி, பாத்தீங்களா?"

"நைஜீரியாக்காரங்களும் இதேதானா?" என்று கேட்டுவைத்தேன்.

"அய்யய்யோ, அவங்க வேற, இவங்க வேற. அங்கயே ஆளுக்கு ஆள் மாறும். அதுனாலதான் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

நான் எங்கே ஒழுங்காகக் கேட்டேன்? என் கவலை எல்லாம் என் ரவிக்கை. மூன்று வாரமாக "நாளைக்கு மேடம், நாளைக்கு மேடம்" என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தார். அந்த எரிச்சலில் அட்டையில் பாதியைக்கூட நான் படிக்கவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சண்டை போடுவதற்கென்றே கிளம்பிப் போனேன். மாஸ்டர் இல்லை. ஜிப்பும் நூலும் வாங்க தேரா பஜாருக்குப் போயிருந்தார். ஜெயசீலன் மட்டும் இருந்தார். நாற்பது வயசுக்காரர், நாலு மாதத்துக்கு முன்தான் சிவகங்கையிலிருந்து வந்தவர், கைவேலை செய்பவர். பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். அவர் மடியில் தூய வெள்ளையில் ஒரு நீளமான லேஸ் உடுப்பு. ஒரு பூ இல்லை, ஒரு கரை இல்லை.

"இது யாருக்கு?"

"அபெனான்னு ஒரு கானாக்கார அம்மாவுக்கு மேடம். போன ஞாயித்துக்கிழமைதான் கொழந்த பொறந்திருக்கு. நாளைக்கு எட்டாவது நாள், பேர் வைக்கிறாங்க. சாயங்காலம் அவங்க வீட்டுக்காரரு வந்து வாங்கிக்குவாரு."

பிள்ளை பெற்று எட்டு நாள் ஆனவளுக்கு வெறும் வெள்ளையா? எங்கள் வீட்டில் வெள்ளைப் புடவையை யார் உடுத்தினார்கள், எந்த நாளிலிருந்து உடுத்தினார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். வாய் சும்மா இருக்குமா?

"ஏன் ஜெயசீலன், உங்களுக்கே இது நல்லா இருக்கா? புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கான். கழுத்துலயும் கைலயும் ஒரு சிவப்பு பைப்பிங் வச்சா என்ன குறைஞ்சுடும்? மங்களமா இருக்கும்ல?"

"எனக்கும் மனசு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு மேடம். ஆனா மாஸ்டர் வெள்ளைன்னாரே..."

"வெள்ளைதானே, யாரு இல்லேன்னா? ஓரத்துல ஒரு கோடு. மாஸ்டர்கிட்ட நான் பேசிக்கறேன்."

ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பார்களே, அதுதான். ஜெயசீலன் பைப்பிங் நாடா ரோலை எடுத்தார். அரை மணி நேரத்தில் கழுத்தைச் சுற்றியும் கை நுனியிலும் பளிச்சென்று சிவப்பு சாட்டின் ஓடியது. கழுத்தை மட்டும் ஸ்டீம் வைத்து அழுத்தினார். நான் தள்ளி நின்று பார்த்து "இப்பத்தான் லட்சணமா இருக்கு" என்று சான்றிதழ் வேறு கொடுத்தேன். அவர் உடுப்பைக் கவரில் போட்டு ஜிப்பை மூடினார். நான் பெருமையாக வீட்டுக்கு வந்து காபி போட்டுக் குடித்தேன்.

மறுநாள் ஞாயிறு. காலை எட்டு மணிக்குக் கடை திறந்ததும் ரவிக்கைக்காகப் போய் நின்றேன். மாஸ்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், உங்க ஜெயசீலன் தங்கமான மனுஷன். அந்த வெள்ளை டிரெஸ்ஸுக்கு நான் சொன்ன மாதிரியே சிவப்பு பைப்பிங் வச்சு அசத்திட்டாரு."

டீ கிளாஸ் மேஜைமேல் கவிழ்ந்தது. மாஸ்டர் அதைத் துடைக்கவில்லை.

"செவப்பா? அபெனா உடுப்புலயா?"

"ஒரு கோடுதான்..."

"அந்தப் பொண்ணுக்கு இது மூணாவது புள்ளம்மா!" எப்போதும் மேடம் என்பவர் அன்றைக்கு அம்மா என்றார். "மொத ரெண்டும் தங்கல. ரெண்டு தடவையும் செவப்பும் கறுப்பும் கட்டிக்கிட்டு அழுதவ. இந்த வாட்டி எட்டு நாள் தாண்டுனா வெள்ளை உடுத்துவேன் மாஸ்டர்னு ஏழாம் மாசத்துலயே துணி வாங்கிக் குடுத்துட்டுப் போனா. அவங்களுக்கு வெள்ளைன்னா ஜெயிச்சதுன்னு அர்த்தம். சாவோட மல்லுக்கட்டிப் பொழச்சு வந்தவ போடுற கலரு அது. அதுல போயி..."

வேலியில் போகிற ஓணானை நான் எடுத்து இன்னொருத்தி கழுத்தில் விட்டிருக்கிறேன்! அபெனாவின் கணவர் குவாமேவுக்குப் போன் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பெயர் வைப்பது பத்து மணிக்கு. நடத்தி வைக்கிற பெரியவருக்குப் பதினொன்றுக்கு ஏர்போர்ட் கார்கோவில் டியூட்டியாம். எட்டாம் நாளைத் தள்ளிப்போடவும் கூடாது.

"மாஸ்டர், ஏறுங்க வண்டில," என்றேன்.

ஐந்தாவது தடவையில்தான் நான் லைசன்ஸ் வாங்கினேன். ஆனால் அன்றைக்கு ஓட்டின ஓட்டத்தைப் பார்த்திருந்தால் முதல் தடவையே கொடுத்திருப்பார்கள். ஷார்ஜாவில் முவைலாவில் அபெனா வீடு. மாஸ்டர் மடியில் கத்திரிக்கோல், தையல் பிரிக்கிற ஊசி, வெள்ளை நூல்கண்டு, அயர்ன் பாக்ஸ். "யல்லா, யல்லா, நகரு" என்று முன்னால் போகிற லாரியை எல்லாம் விரட்டிக்கொண்டே வந்தார். வேகத்தைப் படம் பிடிக்கிற ரேடார் கம்பம் வந்தால் மட்டும் "மெதுவா, மெதுவா!" என்று கத்துவார். தப்பான எக்ஸிட்டில் ஒரு தடவை இறங்கி, ரவுண்டானாவில் இரண்டு சுற்றுச் சுற்றி, எட்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

மூன்றாவது மாடி. கதவு திறந்திருந்தது. ஹாலில் இருபது பேர், எல்லோரும் வெள்ளை, ஆனால் ஒரு முகத்திலும் சிரிப்பில்லை. குவாமே ஓடி வந்தார். அவர் கண் சிவந்திருந்தது.

"மாஸ்டர், என்ன செய்துவிட்டீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "கவரைத் திறந்து பார்த்தவள் அறையைப் பூட்டிக்கொண்டாள். சாவு மூன்றாவது தடவையும் வாசலுக்கு வந்துவிட்டது என்கிறாள். வெளியே வர மாட்டேன், பெயரும் வைக்க வேண்டாம் என்கிறாள்."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மாஸ்டர் நெஞ்சில் கை வைத்துவிட்டார்.

"மை மிஸ்டேக், சார். என் கடை, என் தப்பு. எனக்கு ஒரு மணி நேரம் குடுங்க."

பின்னால் நின்ற ஒரு பெண் அவரைப் பார்த்து ஏதோ கோபமாகச் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நானோ, ஊருக்கே யோசனை சொல்லும் ஷியாமளா, ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றேன். பயம்தான், வேறென்ன!

குவாமேயின் அம்மா கதவைத் தட்டிக் கெஞ்சியதும் அபெனா திறந்தாள். இருபத்தெட்டு வயதுதான் இருக்கும். பழைய நைட்டி, வீங்கின கண், தோளில் பிள்ளை. உடுப்பு கட்டிலில் கிடந்தது. மாஸ்டர் தரையில் உட்கார்ந்து பைப்பிங்கைப் பிரிக்க ஆரம்பித்தார். கை நுனியில் சுத்தமாக வந்துவிட்டது. கழுத்தில் பிரித்த பிறகுதான் பார்த்தேன். ஸ்டீம் பட்டு மலிவு சாட்டினின் சாயம் இறங்கி, வெள்ளை லேஸில் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு சுற்றிலும் ஓடியிருந்தது.

"சிவப்பு தொட்ட துணி எனக்கு வேண்டாம்," என்றாள் அபெனா. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

மாஸ்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவருடைய ஆங்கிலம் கடைக்குப் போதுமான ஆங்கிலம்தான். அதை வைத்தே தெளிவாகச் சொன்னார்: "அபெனா, சிவப்பு தொட்டது ஒரு இஞ்ச்தான். அந்த ஒரு இஞ்ச்சை வெட்டி இந்த வீட்டுக்கு வெளியே அனுப்பிவிடுகிறேன். மிச்சம் இருப்பது சிவப்பைப் பார்க்காத துணி. போட்டுக்கொள்வாயா?"

அவள் பிள்ளையைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், கடைசியில் தலையாட்டினாள்.

அப்புறம் பாருங்கள் மாஸ்டர் கையை! கழுத்து வட்டத்தை ஒன்றரை இஞ்ச் கீழே இறக்கி ஒரே ஓட்டமாக வெட்டினார். கை நுனியையும் விடவில்லை. அங்கே சாயம் இறங்காவிட்டாலும் சிவப்பு உட்கார்ந்த இடம் என்று அதையும் வெட்டினார். வெட்டின துண்டு, பிரித்த சிவப்பு, ஒட்டியிருந்த நூல் எல்லாவற்றையும் பொறுக்கி ஒரு கவரில் போட்டு என் கையில் கொடுத்தார். மூன்று மாடி இறங்கித் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியேறி மூச்சிரைக்க வந்தேன்.

மெஷின் கிடையாது, எல்லாம் கைத்தையல். அவர் கழுத்தை எடுத்துக்கொண்டார். கை மடிப்பில் ஒன்றை என்னிடம் தள்ளினார். எனக்கு ஊசியில் நூல் கோர்க்கவே மூன்று நிமிஷம் ஆகும். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பல்லைக் கடித்துத் தைத்தேன். நாலாவது தையலில் ஊசி விரலில் ஏறிவிட்டது.

"கைய எடுங்க!" மாஸ்டர் பாய்ந்து உடுப்பைப் பிடுங்கினார். "ஒரு சொட்டு ரத்தம் பட்டுச்சு, அவ்வளவுதான், கதை கந்தல்!"

விரலை வாயில் வைத்துக்கொண்டேன். துணியைத் திருப்பித் திருப்பி நாலு கண்ணும் தேடின. ஒன்றும் படவில்லை. அப்புறம் விரலுக்கு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு நான் நூல் மட்டும் கோர்த்துக் கொடுத்தேன். ஹாலிலிருந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை குவாமே எட்டிப் பார்த்தார். ஒன்பதரை. ஒன்பதே முக்கால். பத்து. பெரியவர் ஏர்போர்ட் யூனிஃபார்மை உள்ளே போட்டு மேலே வெள்ளைத் துணி போர்த்தி வந்திருந்தார். அவரும் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். பத்தேகாலுக்கு மாஸ்டர் நூலைக் கடித்தார், ஒரு தடவை அயர்ன் ஓட்டினார், "கலாஸ், முடிஞ்சுது!" என்று எழுந்தார்.

அபெனா வெளியே வந்தபோது அந்த ஹால் போட்ட சத்தம் இருக்கிறதே! கழுத்து இறங்கி, கை சின்னதாகி, முன்பு இருந்ததைவிட நன்றாகவே இருந்தது. தலையிலிருந்து கால் வரை வெள்ளை. பாட்டு ஆரம்பித்துவிட்டது, ஆட்டமும் ஆரம்பித்துவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இதையா நான் துக்கம் என்று நினைத்தேன்?

பெரியவர் பிள்ளையை வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பிறந்த பையன், அதனால் குவாசி. இரண்டு கிளாஸ் வைத்திருந்தார்கள், ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மதுபானம். விரலைத் தண்ணீரில் நனைத்துப் பிள்ளை நாக்கில் ஒரு சொட்டு வைத்தார். அப்புறம் மதுவில் ஒரு சொட்டு. ஒவ்வொரு தடவையும் அவர் சொன்னதைப் பக்கத்திலிருந்த பெண் எங்களுக்காக ஆங்கிலத்தில் சொன்னாள்: "குவாசி, இது தண்ணீர் என்றால் தண்ணீர் என்றே சொல். இது மது என்றால் மது என்றே சொல்."

எட்டு நாள் பிள்ளைக்கு உண்மையைச் சொல் என்று கற்றுக்கொடுக்கிறார்கள். நாற்பத்தொரு வயது எருமை நான், மாஸ்டரைப் பழி சுமக்கவிட்டு மூலையில் நிற்கிறேன். மாஸ்டர் கதவோரம் அயர்ன் பாக்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, யாரும் தன்னைப் பார்க்காமல் நழுவப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சிவப்பு வைக்கச் சொன்னது இவர் இல்லை," என்றேன். "இவர் அப்போது கடையிலேயே இல்லை. நான்தான் சொன்னேன்."

அபெனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன்? என்னை உனக்குத் தெரியவே தெரியாதே."

"எங்கள் ஊரில் கல்யாணத்துக்குச் சிவப்பு. வெள்ளை, புருஷன் செத்தவளுக்கு. என் அம்மாவுக்கு முப்பத்தாறு வயதில் உடுத்திவிட்டார்கள். குழந்தை பெற்றவள் வெள்ளை உடுத்தக் கூடாது என்று நினைத்தேன்."

திட்டப்போகிறாள், திட்டட்டும் என்று நின்றேன்.

"அப்படியென்றால், இந்த வெள்ளையைப் பார்த்து நீ பயந்தது என் புருஷனுக்காகவா?"

"ஆமாம்."

அவள் திரும்பி, "குவாமே!" என்று கூப்பிட்ட குரலில் அவர் அடித்துப் பிடித்து ஓடி வந்தார். "இங்கே நில். இந்த அம்மா உன்னைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. நீ நூறு வயது இருக்க வேண்டும் என்று என் கழுத்தில் சிவப்புத் தைத்திருக்கிறாள்!"

ஒரு நொடிதான். அப்புறம் ஹாலே சிரித்தது. பெரியவர் யூனிஃபார்ம் குலுங்கச் சிரித்தார். அபெனாவும் சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதாள். பிள்ளையை வாங்கி வந்து என் கையில் வைத்தாள். என்ன கனம்! ஜெயித்து வந்த பிள்ளை அல்லவா!

குவாமேயின் அம்மா ஒரு பவுடர் டப்பாவோடு வந்தார். அபெனாவின் கழுத்திலும் தோளிலும் வெள்ளையாகக் கொட்டித் தடவினார். பிழைத்து வந்ததற்கு, ஜெயித்ததற்கு அப்படிப் போடுவார்களாம். அடுத்ததாக மாஸ்டரைக் கதவோரத்திலிருந்து இழுத்துவந்து அவர் தலையில் பாதி டப்பாவைக் கவிழ்த்தார். பிறகு என்னிடம் வந்தார். நான் பின்வாங்கினேன்.

"எனக்கு எதற்கு? கெடுத்ததே நான்தானே."

அந்த அம்மா ஆங்கிலம் அறியாதவர். என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, கழுத்து, கன்னம், நெற்றி என்று ஒரு இடம் விடாமல் பூசிவிட்டார். முப்பத்தாறு வயதில் வெள்ளைக்குள் போன என் அம்மாவை நினைத்தேனோ என்னவோ, கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன்.

மாஸ்டர் மெல்லப் பக்கத்தில் வந்தார். புருவமெல்லாம் வெள்ளை. "அழுவாதீங்கம்மா," என்றார். "பவுடர் கரையுதுல்ல."